எட்டாவது பி வாசல்

சத்தம் கேக்குதாம்மா? அந்தக் கடைசி ரூம்ல இருந்து வருதே, அதுதான். நான் வந்து உக்காந்ததுல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். கொஞ்சம் அடங்குது, மறுபடி ஆரம்பிச்சிடுது. இந்த ஸ்கூல்ல யாரும் வந்து என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்களா?

உக்காரும்மா, பெஞ்சுல இடம் இருக்கு. பையை நான் மடியில வச்சுக்கிறேன். கனமெல்லாம் இல்ல, சார்ட்டுதான். எல்லாம் என் கையால வரைஞ்சது. மடங்கிடக் கூடாதுன்னு ராஜபாளையத்துல இருந்து இந்தக் கரிவலம் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன். ஒரு பையன் எந்திரிச்சு இடம் குடுத்தான், வேண்டாம்னுட்டேன்.

நீ யாரைக் கூட்டிட்டுப் போக வந்த? மூணாங் கிளாஸா? கண் டாக்டர்கிட்டயா? அடப்பாவமே, இந்த வயசுலயேவா. பேரு என்ன? தாரிணி. நல்ல பேரு. பெல் அடிக்கிற வரைக்கும் இருக்கச் சொன்னாங்களா? என்னையும் அதேதான் சொல்லி உக்கார வச்சுட்டாங்க. கேட்ல இருக்கிறவருக்கு நான் யாருன்னு தெரியல. தெரிஞ்சிருந்தா உள்ள விட்டிருப்பாரு.

இரு, மூணாங் கிளாஸ்னா அந்தக் கடைசி ரூம்தானே? அப்போ உன் பொண்ணு கோமதிகிட்டதான் படிக்குது! சங்கரகோமதி. ஒல்லியா, கொஞ்சம் மாநிறமா, பேசும்போது வளையலைத் தள்ளித் தள்ளி விடுவா. அவளேதான். நான் அவளைப் பாக்கத்தான் வந்திருக்கேன். நான் வர்றது அவளுக்குத் தெரியாது. போன் பண்ணலாம்னா நம்பரை மாத்திட்டா போல, போகவே மாட்டேங்குது. போன வாரம் சங்கரன்கோவில்ல அவ தெருவுக்கே போய் விசாரிச்சேன். பக்கத்து வீட்டம்மா நல்ல மாதிரி, இந்த ஸ்கூல் பேரைச் சொல்லி, மூணாவது எடுக்குறான்னாங்க.

நான் பகவதி. பகவதி டீச்சர்னா ராஜபாளையத்துல கேட்டுப் பாரு. போன மே மாசத்தோட ரிட்டயர்டு ஆயிட்டேன். கோமதிக்கு நான் சொந்தம் இல்ல. துணை.

துணைன்னா உனக்குப் புரியாது, இரு சொல்றேன். எங்களுது பழைய மேனேஜ்மெண்ட் ஸ்கூல். அங்க ஒரு வழக்கம் உண்டு. புதுசா யாரு வேலைக்கு வந்தாலும் முதல் வருஷம் பக்கத்து கிளாஸ்ல இருக்கிற பெரிய டீச்சர் அவங்களுக்குத் துணை. துணை டீச்சர்னே சொல்லுவோம். பாடம் எடுக்கிறதுல இருந்து பிள்ளைங்களைச் சமாளிக்கிற வரைக்கும் எல்லாத்துலயும் கூட நிக்கணும். வருஷக் கடைசியில கமிட்டிக்காரங்க வந்து ஒரு பீரியட் பின்னாடி உக்காந்து பாப்பாங்க. பாத்து முடிச்சு, துணையை வெளிய கூப்பிட்டு ஒரு வார்த்தை கேப்பாங்க. அதுக்கப்புறம்தான் வேலை நிரந்தரமா, இல்ல வீட்டுக்குப் போகணுமாங்கிறது.

கட்டடமும் பழசு. ரூமுக்கும் ரூமுக்கும் நடுவுல சுவர் கூரை வரைக்கும் போகாது, அரைச் சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினா அந்தப் பக்கம் கேக்கும். அதனால எங்க ஸ்கூல்ல நல்ல டீச்சர் யாருன்னா, சத்தம் வராம கிளாஸை வச்சிருக்கிறவங்கதான். எச்.எம். ரவுண்ட்ஸ் வரும்போது கண்ணைவிடக் காதைத்தான் தீட்டிக்கிட்டு வருவாங்க. என் கிளாஸ் பக்கம் வந்தா நிக்கவே மாட்டாங்க. ஊசி விழுந்தா கேக்கும், அப்புறம் என்னத்துக்கு நிக்கணும்?

சிரிக்காதம்மா. நீ நினைக்கிற மாதிரி நான் அடிக்கிற டீச்சர் இல்ல. ஒரு பிள்ளை மேலயும் கை வச்சதில்ல, சத்தியமா. சும்மா வாசல்ல நிப்பேன். அவ்வளவுதான். வாயைத் திறக்க மாட்டேன், முறைக்க மாட்டேன், வாசல்ல நிப்பேன். என் நிழல் உள்ள விழுந்தா போதும், பிள்ளைங்க கையைக் கட்டிடும். அது எப்படின்னு எல்லாரும் கேப்பாங்க. எனக்கே தெரியாது. அதுவா வந்துச்சு.

ஆனா சும்மா வரல. நான் சேர்ந்த புதுசுல பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்போ இந்த வழக்கமெல்லாம் பேருக்குத்தான். எனக்குத் துணைன்னு போட்டிருந்தது பக்கத்து கிளாஸ் லூர்தம்மா டீச்சரை. என் பிள்ளைங்க ஆடாத ஆட்டம் இல்ல. டஸ்டர்ல தண்ணியை ஊத்தி வைப்பாங்க, நான் போர்டு பக்கம் திரும்பினா பூனை மாதிரி கத்துவாங்க. நான் அரைச் சுவர்ல சாஞ்சு நின்னு அழுதிருக்கேன். அந்தப் பக்கம் அந்தம்மா பாடம் நடத்திக்கிட்டு இருக்கிறது எனக்குக் கேக்குது, நான் அழுறது அவங்களுக்குக் கேக்காதா? ஒரு எட்டு வந்து பாக்கல. வரவே இல்ல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பிள்ளைங்க அடங்குனாங்க. எப்படி அடங்குனாங்கன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஏதோ நானா முட்டி மோதி கத்துக்கிட்டேன்.

இதைக் கேளு. லூர்தம்மா டீச்சர் ரிட்டயர்டு ஆகுற அன்னைக்கு என்கிட்ட வந்து, "நீ அழுதது எனக்குக் கேட்டுச்சு பகவதி. ரெண்டு மூணு தடவை வாசல் வரைக்கும் வந்தேன். வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்"னாங்க. சொல்லிட்டு என் கன்னத்தைத் தடவுறாங்க. எனக்கு வந்த கோபம்! வாசல் வரைக்கும் வந்தவங்களுக்கு உள்ள வர என்ன கேடு? அன்னைக்கு முடிவு பண்ணினேன். எனக்கு அடுத்து ஒரு புதுப் பிள்ளை வந்தா, அது அழ விட மாட்டேன். நான் அழுத மாதிரி அது அழக் கூடாது.

அப்படித்தான் கோமதி வந்தா. எட்டாவது பி குடுத்தாங்க, என் ரூமுக்கு அடுத்தது. முதல் நாள் காலையில நல்ல மயில் கழுத்துக் கலர்ல சேலை கட்டி, தலையில பிச்சிப்பூ வச்சு வந்தா. வீட்டுல அப்பா பக்கவாதம் வந்து படுத்திருக்காரு. இந்த வேலை நிலைச்சா அப்பாவை மதுரைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னு எல்லார்கிட்டயும் சொல்லுவா. அதைச் சொல்லும்போது முகமே மாறிடும். எனக்கு அவளைப் பாத்த உடனே பிடிச்சுப் போச்சு. எனக்குப் பொம்பளைப் பிள்ளை இல்லம்மா. ஒரே பையன், கோயம்புத்தூர்ல இருக்கான்.

முதல் நாளே ஆரம்பிச்சிடுச்சு. எட்டாவது 'பி'ன்னா சும்மாவா? சந்தைக்கடை கெட்டது போ. அவ "அமைதியா இருங்க, அமைதியா இருங்க"ங்குறது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்குது. குரல் ஏறி ஏறி கீச்சுன்னு போகுது. நான் என் பிள்ளைங்ககிட்ட புக்கைத் திறக்கச் சொல்லிட்டு, போய் வாசல்ல நின்னேன். நின்னதுதான் தெரியும். கப்சிப். கோமதி என்னைப் பாத்து கையெடுத்துக் கும்பிட்டாம்மா. "ரொம்ப தேங்க்ஸ் டீச்சர்"னா. கண்ணுல தண்ணி. அன்னைக்கு ராத்திரிதான் எனக்குச் சோறு சந்தோஷமா இறங்குச்சு. லூர்தம்மா டீச்சருக்கு இதைக் காட்டணும்னு நினைச்சேன்.

அப்புறம் தினமும் போனேன். சத்தம் வந்தா போவேன். சத்தம் வராத நாள்லயும், வந்துடக் கூடாதேன்னு ஒரு தடவை போய் நின்னுட்டு வருவேன். போகப் போக பிள்ளைங்களே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. வாசலோரமா முதல் பெஞ்சுல உக்காந்திருக்கிறவ எட்டிப் பாத்துக்கிட்டே இருப்பா. நான் வர்றது தெரிஞ்சா "ஸ்ஸ்"ன்னுவா. அது பின்னாடி வரைக்கும் போகும். நான் வாசலுக்குப் போகும்போது எல்லாரும் தயாரா கையைக் கட்டியிருப்பாங்க. நான் திரும்பி என் ரூமுக்கு வந்ததும் மறுபடி சத்தம் வரும். அப்போ மறுபடி போவேன். எனக்குச் சலிப்பே வராதும்மா. கால் வலிக்கும், ஆனா சலிப்பு வராது.

கோமதிகிட்ட ஏதாவது கேக்கணும்னாகூட பிள்ளைங்க என்னைத்தான் தேடி வரும். பாத்ரூம் போகணுமா, பகவதி டீச்சர். நோட்டு தீந்து போச்சா, பகவதி டீச்சர். "அவங்ககிட்டயே கேளுங்கடா"ம்பேன். "அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க டீச்சர்"ங்கும். எனக்குச் சிரிப்பா வரும்.

ஒருநாள் அவ போர்டுல கண் படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தா. லென்ஸைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டா. நான் வாசல்ல நின்னு பாத்துட்டு, உள்ள போய் அழிச்சுச் சரியா வரைஞ்சு குடுத்தேன். பிள்ளைங்க தப்பாப் படிச்சிடக் கூடாதில்ல? அவ ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. நான் சாக்பீஸை நீட்டினா வாங்கவே மறந்து நிக்கிறா. அவ்வளவு கவனம்.

தீபாவளி லீவு முடிஞ்சு வந்தப்போ என்கிட்ட ஒண்ணு கேட்டா. ஸ்டாஃப் ரூம்ல யாரும் இல்ல. டிபன் பாக்ஸைக் கூடத் திறக்காம உக்காந்திருக்கா. "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ஒரு வாரம் நீங்க வராம இருந்து பாருங்களேன். சத்தம் போட்டாலும் பரவால்ல. நான் பாத்துக்கிறேன்"னா. "ஏன்மா, எச்.எம். என்ன சொல்லுவாங்க?"ன்னேன். "திட்டினா திட்டட்டும் டீச்சர். பிள்ளைங்க என்னைப் பாக்கவே மாட்டேங்குது. வாசலையே பாக்குது"ன்னா.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, பாவம், கூச்சப்படுது. பெரியவங்களைத் தினமும் நடக்க விடுறோமேன்னு மனசு கஷ்டப்படுது. "அடி போடி, எனக்கு இது ஒரு சிரமமா?"ன்னு அவ டிபன் மூடியைக் கழட்டி அதுல ஒரு கரண்டி புளியோதரையை வச்சேன். அவ சாப்பிடவே இல்ல. வெளிய எந்திரிச்சுப் போயிட்டா. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குச் சாப்பாட்டுல அக்கறையே கிடையாது.

பொங்கலுக்கு அப்புறம் அவ கதவைச் சாத்த ஆரம்பிச்சா. எங்க ஸ்கூல்ல யாரும் கதவைச் சாத்த மாட்டாங்க. எனக்கு அது என்னமோ பண்ணுச்சும்மா, பொய் சொல்லல. என் மருமகளும் இப்படித்தான். பேரன் பிறந்தப்போ உதவிக்குன்னு கோயம்புத்தூர் போனேன். நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அடுப்படிக் கதவைச் சாத்திக்குவா. மிக்ஸி சத்தம் குழந்தைக்குக் கேக்குமாம். பேசாம ஊருக்கு வந்துட்டேன். கோமதிகிட்ட எதுக்குச் சாத்துறன்னு கேட்டதுக்கு வெயில் அடிக்குது டீச்சர்னா. அவ ரூம் வடக்கே பாத்தது. அங்க எங்க வெயில்?

நான் தட்டிட்டுத்தான் திறப்பேன். சாத்தியிருக்குன்னு விட்டுட முடியுமா?

என்னம்மா, வாட்சைப் பாக்குற? பெல்லுக்கு நேரம் இருக்கு. அந்தச் சத்தத்தைக் கேளு, இப்போ டேபிளை வேற தட்டுறாங்க. உன் பொண்ணும் அதுலதான் இருக்கும். வீட்டுல என்ன சொல்லும் தாரிணி, மிஸ்ஸைப் பத்தி? அப்படியா? தலையணையெல்லாம் வரிசையா வச்சுப் பாடம் நடத்துதா? "மிஸ் எங்களைப் பேச விடுவாங்க"ன்னு சொல்லுதா. ம். பேச விடுறது சரிதான். நல்ல பொண்ணு அவ, நான் இல்லைன்னு சொல்லல.

கமிட்டி வந்த நாளைச் சொல்றேன், கேளு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

முந்தின நாள் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு கோமதி என் கிளாஸுக்கு வந்தா. என் மேஜை முன்னாடி நின்னா, அவளே ஒரு மாணவி மாதிரி. "டீச்சர், நாளைக்கு நான் ஒலி பாடம் எடுக்கிறேன். பிள்ளைங்களை டிபன் பாக்ஸ், ரப்பர் பேண்ட், ஸ்கேல், எவர்சில்வர் டம்ளர் எல்லாம் கொண்டாரச் சொல்லியிருக்கேன். தட்டிப் பாத்து, இழுத்துப் பாத்து, எதுல இருந்து எப்படிச் சத்தம் வருதுன்னு அவங்களே சொல்லணும். நிறைய சத்தம் வரும் டீச்சர். பாடமே அதுதான்"னா. சரிம்மான்னேன். "அதனால நாளைக்கு மட்டும் நீங்க வராதீங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்"னா. குனிஞ்சே குனிஞ்சிட்டாம்மா. நான் பதறிப் போய்த் தூக்கினேன். "வரலடி, வரல. நீ தைரியமா எடு"ன்னு சொல்லி அனுப்பினேன். மனசார சொன்னேன்.

மறுநாள் கமிட்டிக்காரங்க மூணு பேரு, கூட எச்.எம். எல்லாரும் உள்ள போனாங்க. கதவைச் சாத்தினா. நான் என் ரூம்ல என் பிள்ளைங்களுக்குக் கணக்கு போட்டுட்டு உக்காந்திருக்கேன். முதல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரு டம்ளர் சத்தம். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் பாரு, பாத்திரக்கடைக்குள்ள மாடு புகுந்த மாதிரி! தட்டுறாங்க, இழுக்குறாங்க, சிரிக்கிறாங்க. ஒருத்தி "மிஸ், என்னுது, மிஸ், என்னுது"ன்னு கத்துறா. அரைச் சுவர் அதிருது. கமிட்டித் தலைவர் பெரிய மனுஷன், பஞ்சாலை முதலாளி, சத்தமே ஆகாது அவருக்கு. அவரு முன்னாடி இப்படியா?

அவ சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சும்மா. மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன். கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்து பாத்தேன். எந்திரிச்சேன், உக்காந்தேன். இந்தப் பிள்ளை தன் வாழ்க்கையைத் தானே கெடுத்துக்குதே, அப்பா படுக்கையில கிடக்குறாரே, நான் இந்தப் பக்கம் கல்லு மாதிரி உக்காந்திருக்கேனேன்னு இருந்துச்சு. லூர்தம்மா டீச்சர் மாதிரி நானும் உக்காந்திருக்கணுமா? நீயா இருந்தா உக்காந்திருப்பியா? சொல்லு.

போய்க் கதவைத் திறந்தேன்.

அவ்வளவுதான். அத்தனை கையும் அப்படியே நின்னுச்சு. எல்லாரும் கையைக் கட்டிட்டாங்க. ஒருத்தி கையில இருந்து டிபன் பாக்ஸ் மூடி விழுந்து, கிணிங் கிணிங்னு சுத்திச் சுத்தி உருண்டு, கடைசியில கமிட்டித் தலைவர் கால்கிட்டப் போய் நின்னுச்சு. அதோட அந்த ரூம்ல வேற சத்தமே இல்ல. எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு பாரம் இறங்கினது மாதிரி இருந்துச்சு. கோமதியைப் பாத்து, தொடரும்மான்னு தலையை ஆட்டினேன்.

அவ தொடரல. பிள்ளைங்க பக்கம் திரும்பினா. அப்புறம், "சரி, இப்போ சொல்லுங்க, ரப்பர் பேண்டை இழுத்துப் பிடிச்சா சத்தம் எப்படி மாறுச்சு?"ன்னு கேட்டா. ஒரு கை ஏறல. திரும்பக் கேட்டா. பிள்ளைங்க எல்லாம் என்னைப் பாக்குது. நான் போயிட்டா மறுபடி ஆட்டம் போடுவாங்களேன்னு, ஓரத்துல கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு நானும் உக்காந்துட்டேன். பீரியட் முடியுற வரைக்கும் அவதான் கேட்டா, அவதான் பதில் சொன்னா. டம்ளரை அவளே தட்டிக் காட்டினா. பாதியிலயே மேஜை மேல வச்சுட்டா. ஆனா சத்தமே இல்லம்மா. அவ்வளவு ஒழுங்கு.

வெளிய வந்து கமிட்டித் தலைவர் எச்.எம்.கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? "அதுங்க அந்தம்மா பிள்ளைங்களால்ல இருக்கு"ன்னாரு, என்னைக் காட்டி. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. அப்புறம் வழக்கம் போல என்னைத் தனியா கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு தனியா சமாளிப்பாளா?"ன்னு கேட்டாரு. நான் பொய் சொல்ல மாட்டேன்மா. ஆனா விட்டும் குடுக்கல. "நல்ல பொண்ணு சார். இன்னும் ஒரு வருஷம் நான் கூட நின்னா நல்லா வந்துடுவா"ன்னேன்.

"நீங்கதான் மே மாசம் ரிட்டயர்டு ஆகுறீங்களே"ன்னாரு.

ஆமா சார்னேன்.

அப்புறம் அவளை வேண்டாம்னுட்டாங்க. நான் எச்.எம்.கிட்டப் போய் மன்றாடினேன். ரிட்டயர்டு ஆனாலும் சம்பளம் இல்லாம வந்து வாசல்ல நின்னுக்கிறேன் மேடம், அந்தப் பிள்ளையை எடுத்துடாதீங்கன்னேன். இதை எந்தத் துணை சொல்லியிருப்பா? எச்.எம். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க.

கோமதி சாமானெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு இருந்தா. நான் போய்த் தோளைத் தொட்டேன். சண்டை போடல, அழல, ஒண்ணும் இல்ல. "டீச்சர், ஒரே ஒரு நாள் நீங்க வராம இருந்திருக்கலாம்"னா. அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. வாசல்ல திரும்பிக்கூடப் பாக்கல.

அந்த வார்த்தைதாம்மா. அதை என்னால முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. எந்த நேரமும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. நான் என்ன கெடுதல் பண்ணினேன்? வருஷம் முழுக்க என் காலு தேய நடந்தேன். என் கிளாஸை விட்டுட்டு அவ கிளாஸைப் பாத்தேன். என் ரிட்டயர்மெண்ட் ஃபங்ஷனுக்குப் பத்திரிகை அனுப்பினேன், பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக் காலியா வச்சிருந்தேன். எவ்வளவு நேரம் பாத்தேன் தெரியுமா அந்த வாசலை? கடைசியில சமையல்காரம்மா வந்து உக்காந்துட்டாங்க.

இப்போ வீட்டுல நான் ஒருத்தி. டி.வி. போட்டாத்தான் சத்தம். சாயங்காலம் தெருவுல பிள்ளைங்க விளையாடும், எட்டிப் பாத்தா ஓடிடுங்க. சரி, அவதான் சின்னப் பிள்ளை, கோபத்துல இருக்கா, பெரியவங்க நாமதான் இறங்கிப் போகணும்னு கிளம்பி வந்தேன். இந்தச் சார்ட்டெல்லாம் அவளுக்குத்தான். கண் படம்கூட இருக்கு, பெரிசா. மூணாவதுக்கு ஆகாதா? ஆகாட்டி என்ன, மாட்டி வைக்கட்டும்.

கேளு, கேளு. இப்போ எல்லாரும் ஒண்ணாக் கத்துறாங்க. என்ன இது, வாய்ப்பாடா? பாட்டு மாதிரி இருக்கு. கதவையும் விரியத் திறந்து போட்டிருக்கா. வெயில் நேரா உள்ள அடிக்குது, சாத்தல பாரு. அவ குரல் கேக்குதா உனக்கு? எனக்கும் கேக்கல. பிள்ளைங்க சத்தத்துல அவ குரலே முங்கிப் போச்சு. நல்லவேளை நான் வந்தேன்.

இரும்மா, பையைக் கொஞ்சம் பிடி. நான் சும்மா வாசல்ல நின்னுட்டு வந்துடுறேன். கேட்காரரு அந்தப் பக்கம் போயிட்டாரு. உள்ள போக மாட்டேன். பேசக்கூட மாட்டேன். சும்மா நின்னுட்டு வர்றேன். கையை விடும்மா, ஒரு நிமிஷம்தான்.

...

குடு பையை.

தண்ணி இருக்கா உன்கிட்ட? கொஞ்சம் குடு. ஒண்ணும் இல்ல, வெயில்ல நடந்தது.

நின்னேன். வாசல்ல போய் நின்னேன். என் நிழல் நல்லா உள்ள விழுந்துச்சு, மேஜை வரைக்கும். ஒரு பிள்ளையும் திரும்பல. கூட்டம் கூட்டமா தரையில உக்காந்து புளியங்கொட்டையை எண்ணி எண்ணிக் கத்திக்கிட்டு இருக்குதுங்க. கோமதியும் கீழதான் உக்காந்திருக்கா, தரையில, பிள்ளைங்க நடுவுல. சிரிச்சுக்கிட்டு இருந்தா. அவ சிரிச்சு நான் பாத்ததே இல்லன்னு அப்பதான் தோணுச்சு. பல்லு கொஞ்சம் எடுப்பு அவளுக்கு.

ரெட்டைச் சடை போட்டு, கண்ணை இடுக்கி இடுக்கிப் பாக்குற ஒரு பொண்ணு, உன் பொண்ணாத்தான் இருக்கும், அது மட்டும் என்னைப் பாத்துட்டு, "மிஸ், யாரோ வந்து நிக்கிறாங்க"ன்னுச்சு. கோமதி திரும்பினா.

எந்திரிச்சிட்டாம்மா. சடக்குனு எந்திரிச்சா. மடியில இருந்த புளியங்கொட்டையெல்லாம் சிதறிப் போச்சு. ரெண்டு கையையும் இப்படிக் கட்டிக்கிட்டா. நெஞ்சோட சேத்து, இறுக்கமா. எட்டாவது பி பிள்ளைங்க கட்டுமே, அதே மாதிரி.

பிள்ளைங்க பாட்டுக்குக் கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சுங்க. ஒண்ணுகூட அடங்கல. அந்த ரூம்ல அடங்கினது அவ ஒருத்திதான்.

"யாரு மிஸ்?"ன்னு உன் பொண்ணு மறுபடி கேட்டுச்சு. "யாரும் இல்லம்மா, நீ எண்ணு"ன்னா. சொல்லிட்டு வந்து கதவைச் சாத்திட்டா. என் முகத்துக்கு நேரா. மெதுவாத்தான் சாத்தினா, அடிச்சுச் சாத்தல.

பாவம்மா அவ. நீயே சொல்லு, எப்படி நடுங்குறா. ஆளைப் பாத்தாலே இன்னும் பயம் போகல. இவளை இப்படியே விட்டா இங்கயும் நிலைக்க மாட்டா. அந்த அப்பாவுக்கு அப்புறம் யாரு? எனக்கு மனசே கேக்கல. வாரத்துல ஒரு நாளாவது நான் வந்து கூட நின்னேன்னா சரியாப் போயிடும். சும்மாதானே இருக்கேன். பஸ்ஸும் நேர் பஸ். சம்பளமெல்லாம் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிடுவேன்.

எச்.எம். ரூம் எங்கம்மா இருக்கு?

அந்தப் பக்கமா? அது ரோட்டுக்குப் போற வாசலாச்சே. இல்லம்மா, நான் கேக்குறது எச்.எம். ரூம்.

ஏம்மா, திரும்பவும் அங்கயே காட்டுற?